வெள்ளை வானமும் கருப்பு மலையும்: இராயக்கோட்டையில் எடுத்த ஒரு படம்

கருப்பு வெள்ளை மலைப் படம் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே மாதிரியான காட்சிதான் கண்முன் வரும். பனி மூடிய சிகரம், அதற்கு மேல் கன்னங்கரேலென்று வானம், அதில் பளிச்சென்று ஒரு வெள்ளை மேகம். காலண்டரிலும், கம்ப்யூட்டர் திரையிலும், போஸ்டர் கடையிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய காட்சி. அந்த மலை அமெரிக்காவில் இருக்கும், இல்லாவிட்டால் இமயமலையில் இருக்கும். தருமபுரிப் பக்கத்து மலைகளை யாரும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதில்லை. நல்லம்பள்ளிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாயின் மலைகள், கிழக்கே வத்தல்மலை. தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அவை மலைகள்கூட இல்லை, வெறும் வழித்தடம். தொப்பூர் என்றால் லாரி விபத்துதான் ஞாபகம் வரும், அழகு ஞாபகம் வராது.

ஆனால் புகைப்படக் கலையின் சரித்திரத்தைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. நல்லம்பள்ளிக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டரில், பாலக்கோட்டைத் தாண்டி இருக்கிற இராயக்கோட்டை மலையின் உச்சியில், 1857 டிசம்பருக்கும் 1858 ஜனவரிக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒருவர் பெரிய மரக் கேமராவை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். புகைப்படம் என்ற கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவித்ததே 1839-ல்தான். அதற்குப் பிறகு இருபது வருடம்கூட ஆகவில்லை. அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் பிறப்பதற்கு இன்னும் 44 வருடம் இருந்தது. அப்போது இராயக்கோட்டை சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது தருமபுரிக்கு வந்தது, 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது அங்கே போய்விட்டது. மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

படம் எடுத்தவர் பெயர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1838-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னை மாகாணப் பட்டாளத்துக்கு வந்தார். 1850-ல் விடுப்பில் ஊருக்குப் போனவர் அங்கேதான் புகைப்படம் பழகிக்கொண்டார். 1854-ல் பெங்களூருக்குத் திரும்பிய கையோடு பேளூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். அடுத்த வருடம் சென்னையில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்கள் பதக்கம் வாங்கின. அதே 1855-ல் பர்மா அரசரிடம் கம்பெனி அனுப்பிய தூதுக்குழுவில் அவரும் போனார். அங்கிருந்து இருநூறுக்கு மேல் நெகட்டிவ்களோடு வந்தார். அதில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து 50 பிரதிகள் போட்டார். பெருக்கிப் பார்த்தால் 6,000 பிரிண்ட். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். அச்சு இயந்திரத்தில் ஓட்டுகிற சமாச்சாரம் இல்லை.

இந்த உழைப்பைப் பார்த்துத்தான் சென்னை அரசாங்கம் அவரை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. அதுவரை கோயில்களையும் கோட்டைகளையும் பதிவு செய்ய ஓவியர்களை வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அதற்கு மாதக்கணக்கில் சம்பளம், கூடவே வரைகிறவரின் கற்பனை வேறு. புகைப்படம் என்றால் துல்லியமும் உண்டு, செலவும் குறைவு என்று கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் 1855-ல் மாகாணங்களுக்கு எழுதினார்கள். ஆக, சிக்கனத்துக்காக உள்ளே வந்த கலை இது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1857 டிசம்பரில் ட்ரைப் பெங்களூரிலிருந்து கிளம்பினார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரம் அது. தெற்கே இராயக்கோட்டை, சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்கள், ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிவிட்டு 1858 ஏப்ரல் கடைசியில் சென்னை போய்ச் சேர்ந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினது இந்தப் பயணத்தில்தான். அதைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நமக்கு வேண்டியது பயணத்தின் முதல் கட்டம், அதாவது மலை.

கோயில் நிற்கும், நகராது, நாலு பக்கமும் சுற்றி வரலாம். நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்து இடம் மாற்றலாம். மலைக்காட்சி அப்படியில்லை. மைல் கணக்கில் விரிந்து கிடக்கிற ஒன்றை ஒரு காகிதத்துக்குள் அடக்க வேண்டும். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது, அடிவானத்தை எங்கே வெட்டுவது? இதில் தப்பு நடந்தால் மலை, மேடு மாதிரி ஆகிவிடும். நேரில் பிரமாண்டமாகத் தெரிந்த மலை, படத்தில் எறும்புப் புற்று மாதிரி தெரிகிற அனுபவம் செல்போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ட்ரைப்புக்கு முன்பே ஓவியர்கள் இந்தக் கேள்விகளுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்கள். மூன்றாம் மைசூர்ப் போரில் 1791-ல் இராயக்கோட்டை கம்பெனிப் படையிடம் விழுந்தது. 1792-ல் திப்பு சுல்தான் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் பாராமகால் பகுதி முழுக்கக் கம்பெனிக்கு வந்தது. (பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ உதவி அதிகாரியாகத் தருமபுரியில் வருடக்கணக்கில் குடியிருந்தது இதற்குப் பிறகுதான்.) அதே 1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள், சித்தப்பாவும் அண்ணன் மகனும், சென்னையிலிருந்து கிளம்பி இந்தக் கோட்டை மலைகளை எல்லாம் வரைந்துகொண்டே போனார்கள். அவர்களுடைய தொகுப்பில் இராயக்கோட்டைக்கும் ஓர் இடம் உண்டு.

டேனியல்கள் கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியைப் பயன்படுத்தியவர்கள். லென்ஸ் வழியாக வெளிக்காட்சி ஒரு பரப்பின் மேல் விழும், அதைப் பென்சிலால் பின்பற்றிக் கோடு போட வேண்டும். புகைப்படக் கேமராவின் தாத்தா இதுதான். விழுகிற பிம்பத்தைத் தானே பிடித்துவைக்கிற ரசாயனம் மட்டும் அப்போது இல்லை. ஆனால் கையால் வரைகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. முன்னால் ஒரு மரம் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், மலை கொஞ்சம் குட்டையாக இருந்தால் தூக்கிக்கொள்ளலாம். வானம் முழுக்க மேகம் திரட்டலாம். முன்னே நிழலான தரை, நடுவே வெளிச்சம், தூரத்தில் மங்கலான மலை என்பது அந்தக் கால ஆங்கில ஓவியத்தின் இலக்கணம். ட்ரைப் தலைமுறைக்கு மலையைப் பார்க்கவே இந்த இலக்கணம்தான் கற்றுக்கொடுத்திருந்தது.

கேமரா அந்த இலக்கணத்துக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று புரிய அந்தக் கால நெகட்டிவ்வைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகுக் காகித நெகட்டிவ். பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே 1851-ல் வெளியிட்ட முறை. நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கி ஏற்றி, அயோடைடு கரைசலில் ஊறப்போட்டு, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் நனைத்தால் அது வெளிச்சத்துக்கு மசிகிற காகிதம் ஆகிவிடும். இதை முன்கூட்டியே தயாரித்து எடுத்துக்கொண்டு போகலாம், படம் எடுத்த பிறகு மெதுவாகக் கழுவலாம். கண்ணாடியைப் போல உடையாது, கனமும் இல்லை. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகிறவனுக்கு இதைவிடத் தோதானது கிடையாது. குறை என்னவென்றால், ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். காற்றில் அசைகிற மரம் மசமசவென்று ஆகிவிடும். பாறை அசையாது. அந்த வகையில் நம் ஊர் மலைகள் அவருக்கு ரொம்ப அனுகூலமாக இருந்திருக்க வேண்டும்!

இன்னொரு குறைதான் முக்கியமானது. அன்றைய வெள்ளி உப்புகளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். பச்சை அரைகுறை, சிவப்பு சுத்தமாகத் தெரியாது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வானம் நீலம், ஆகவே நெகட்டிவ்வில் வானத்தின் பக்கம் வெளிச்சம் வெள்ளமாகப் பாய்ந்து அப்பிவிடும். மேகம் வெள்ளை, அதுவும் அப்பிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்காது. பிரிண்ட் போட்டால் வானம் வெறும் வெள்ளைக் காகிதம். கீழே பச்சை மரங்களும் செம்மண்ணும் கருத்துப்போய் நிற்கும். தரைக்குத் தேவையான நேரம் லென்ஸைத் திறந்தால் வானம் போச்சு, வானத்துக்குத் தகுந்த மாதிரி சீக்கிரம் மூடினால் தரை போச்சு. எவ்வளவு அழகான மேகம் மலைக்கு மேல் நின்றாலும் படத்தில் வராது.

இது ஏதோ ஒருவருக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. லெ கிரேயே 1850-களில் கடல் படங்களுக்கு வானத்தைத் தனி நெகட்டிவ்வில் எடுத்து, கடலைத் தனியாக எடுத்து, இரண்டையும் ஒரே பிரிண்டில் சேர்த்தார். பாரிஸிலும் லண்டனிலும் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அதே குறைக்குள் ஒரு நன்மையும் ஒளிந்திருந்தது. தூரத்து மலைக்கும் நமக்கும் நடுவே இருக்கிற காற்றில் தூசியும் ஈரமும் சேர்ந்து ஒரு நீலப் புகைமூட்டம் இருக்கும். நீலத்தை மட்டுமே பார்க்கிற நெகட்டிவ் இந்த மூட்டத்தைக் கண்ணைவிட அதிகமாகப் பார்க்கும். அதனால் கிட்டே இருக்கிற பாறை கரும்பாக, அடுத்த குன்று சாம்பலாக, அதற்கடுத்தது வெளிர் சாம்பலாக, கடைசி மலை காகிதத்தோடு கரைகிற மாதிரி என்று ஒன்றின் பின் ஒன்றாகப் பிரிந்து நிற்கும். தட்டையான காகிதத்தில் ஆழம் கிடைத்துவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரி மலைகளின் குணமும் இதற்கேற்றது. இமயமலை மாதிரி ஒரே சுவராக எழும்பாமல், சமவெளியின் நடுவே ஆங்காங்கே தனித்தனியாக எழும்பி நிற்கிற குன்றுகள். ஒரு குன்றின் உச்சியில் நின்றால் மற்றவை வரிசை வரிசையாகத் தெரியும். கோட்டை கட்டினவர்களும் இதற்காகத்தான் கட்டினார்கள், எதிரி எத்தனை மைல் தூரத்தில் வந்தாலும் தெரிய வேண்டும் என்று. ராணுவக் காவலுக்கு ஏற்ற இடமும் கருப்பு வெள்ளைப் படத்துக்கு ஏற்ற இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

ட்ரைப் ராணுவக்காரர் என்பதைப் படத்தின் தலைப்பே சொல்லிவிடும். 'இராயக்கோட்டை, மலையுச்சியிலிருந்து வடக்கு-வடகிழக்கு நோக்கிய தோற்றம்' என்று வைத்திருக்கிறார். எழில்மிகு காட்சி என்றோ ரம்மியமான மாலை என்றோ இல்லை. திசைமானியைக் கையில் வைத்துக்கொண்டு வைத்த பெயர். கவிதை குறைவுதான், ஆனால் இந்தப் பெயரால் ஒரு லாபம் உண்டு. ஓவியர் வரைந்த மலைக்காட்சியை எங்கே நின்று வரைந்தார் என்று தேடிக் களைத்துப்போகலாம். ட்ரைப் நின்ற இடத்தை, அவர் பார்த்த திசையை, இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிடலாம்.

அந்தத் திசையைப் பற்றி இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. டிசம்பர் கடைசியில் நம் பக்கம் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, நன்றாகத் தெற்கே ஒதுங்கித் தென்கிழக்கை ஒட்டி உதிக்கும். வடக்கு-வடகிழக்கைப் பார்த்து நிற்கிறவருக்கு அது கிட்டத்தட்ட நேர் வலப்பக்கம். அதாவது காலை வெயில் காட்சியைப் பக்கவாட்டில் சரியாகக் குறுக்கே வெட்டும். மலைப் படம் எடுக்கிறவர்கள் தவம் கிடப்பது இந்த வெளிச்சத்துக்குத்தான். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பாறையில் நிழலே இருக்காது, மலை அட்டையில் வெட்டின மாதிரி தெரியும். முகத்துக்கு நேரே இருந்தால் வெறும் நிழலுரு. பக்கத்திலிருந்து வந்தால்தான் ஒவ்வொரு பாறையும் ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் கருத்து, உருண்டு திரண்டு நிற்கும். அதே இடத்தில் மதியம் நின்றால் சூரியன் தெற்கே, முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். ஆடி மாதம் போனால் இந்தக் கணக்கு எல்லாமே மாறிவிடும்.

மார்கழியும் தையும் முன்பனிக் காலம். தமிழ் இலக்கணம் குறிஞ்சிக்கு, அதாவது மலைக்கு, உரிய பருவமாகச் சொல்வது கூதிரும் முன்பனியும். ட்ரைப்புக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. வெயில் காலத்தில் நெகட்டிவ்வின் மெழுகு பாடாய்ப்படுத்தும் என்பதுதான் அவருடைய கவலையாக இருந்திருக்கும். ஆனாலும் அதியமான் ஆண்ட நாட்டுக்கு ஒருவர் மலையைப் படம் பிடிக்கக் குறிஞ்சியின் பருவத்திலேயே வந்து சேர்ந்தது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, வெள்ளை வானத்தை அவர் என்ன செய்தார்? சில நெகட்டிவ்களில் தூரிகையை எடுத்து மேகத்தை வரைந்துவிட்டார்! நெகட்டிவ்வின் வானப் பகுதியில் வண்ணத்தைப் பூசினால் அந்த இடத்தில் வெளிச்சம் தடைபடும், பிரிண்டில் அது வெளுப்பாக விழும். மீதி வானம் லேசாகச் சாம்பல் பூக்கும்படி விட்டால், மேகம் தயார். பர்மாப் படங்களிலும் செய்திருக்கிறார், தென்னிந்தியப் படங்களிலும் செய்திருக்கிறார். இலைகள் தெளிவில்லாமல் போன இடங்களிலும் கைவைத்திருக்கிறார்.

இதைக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். துல்லியத்துக்காக அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்த ஆள், திசைமானி பார்த்துப் பெயர் வைக்கிற ஆள், வானத்தில் பொய் எழுதலாமா? ஆனால் எதிர்க் கேள்வியும் இருக்கிறது. இராயக்கோட்டை மலைக்கு மேல் என்றைக்காவது வானம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்ததா? தொடாமல் விட்ட நெகட்டிவ்வும் பொய்தான் சொல்கிறது, ரசாயனம் சொல்லும் பொய். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேரேட்டில் இருக்கிற எண்ணை அப்படியே இறுதிக் கணக்கில் எடுத்துப்போட்டால் அது உண்மை நிலையைக் காட்டாது. வருடக் கடைசியில் சரிக்கட்டுப் பதிவு போட வேண்டும். ட்ரைப் போட்டது அந்த மாதிரிப் பதிவு என்று சொல்லலாம். சரிக்கட்டுகிறேன் என்று சொல்லிக் கணக்கையே மாற்றுகிறவர்களும் உண்டு என்பது வேறு விஷயம். இல்லாத மேகத்தை வரைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், இருந்த மலையை அவர் இடம்மாற்றவில்லை. டேனியல்கள் காலத்து ஓவியனுக்கு அந்தச் சுதந்திரமும் இருந்தது.

1858-ல் இந்தப் படங்கள் ஊர்வாரியாகத் தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தன. இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களும் சேர்ந்து ஒரு தொகுதி. பிரிண்ட் போடுகிற வேலைக்குச் சென்னைத் தொழிற்கலைப் பள்ளியிலிருந்து வந்து தொழில் பழகியவர் சி. அய்யாசாமி. ட்ரைப் பெயரோடு சேர்ந்து ஏட்டில் நிற்கிற தமிழர் பெயர் இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. கேமராவையும் பெட்டிகளையும் அந்தச் செங்குத்துப் பாறையில் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் யார் யாரோ.

அதற்குப் பிறகு வந்தது சிக்கனம். 1857 கலகத்தை அடக்கிய செலவில் இந்திய அரசாங்கத்தின் கஜானா காலி. 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவல்யன், கணக்கில் கறாரானவர். புகைப்படப் பிரிவு என்பது இன்றைய நிதி நிலையில் தாங்கமுடியாத ஆடம்பரம் என்று முடிவுகட்டி, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1860-ல் கடையைக் கட்டியாயிற்று. நான்கே வருடத்துக்கு முன்னால் ஓவியரைவிட மலிவு என்று சொல்லிக் கொண்டுவந்த அதே புகைப்படம்! ஒரு வருடத்துச் செலவுப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் ட்ரெவல்யன் சொன்னது சரிதான். அந்த வருடம் அதனால் ஒரு ரூபாய் வரவு கிடையாது. இதை வருவாயினச் செலவாக எழுதுவதா, முதலினச் செலவாக எழுதுவதா என்று யாரும் கேட்கவில்லை. 2014-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் 2015-ல் நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்களும் ட்ரைப்பின் படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடத்தின. 156 வருடம் கழித்தும் தேயாத சொத்து என்றால் தேய்மானம் எப்படிக் கணக்கிடுவது?

ட்ரெவல்யன் கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1860-ல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தபோது, செலவைக் குறைக்காமல் வரி போடக் கூடாது என்று ட்ரெவல்யன் எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் தன் எதிர்ப்பைப் பத்திரிகையில் வெளிவரச் செய்துவிட்டார். அதற்காகவே லண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. புகைப்படக்காரரை அனுப்பிய வருடத்திலேயே கவர்னரும் போய்விட்டார். ட்ரைப் அதற்குப் பிறகு பட்டாள வேலைக்கே திரும்பினார். புகைப்படத்தில் மறுபடி பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1902-ல் இறந்தார்.

அவர் விட்ட இடத்தைப் பிடித்தவர்கள் தனியார் ஸ்டுடியோக்காரர்கள். 1863-ல் கல்கத்தா வந்து இறங்கிய சாமுவேல் போர்ன் மூன்று முறை இமயமலைக்குள் போனார். அவர் கையில் இருந்தது கண்ணாடிப் பிளேட். ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். அதற்காக மலைமேல் ஒரு கூடாரத்தையே இருட்டறையாகத் தூக்கிக்கொண்டு போனார். சுமைகூலிகள் மட்டும் டஜன் கணக்கில். 1866-ல் சுமார் 18,600 அடி உயரத்தில் மணிராங் கணவாயில் படம் எடுத்தது இருபது வருடத்துக்கு மேல் யாரும் எட்டாத சாதனை. இத்தனையும் செய்துவிட்டு, இமயமலை படத்துக்கு அவ்வளவு தோதாக இல்லை, ஏரியும் நீரும் போதவில்லை, ஒரே சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று லண்டன் பத்திரிகையில் குறைப்பட்டுக்கொண்டார்! சொந்த ஊரின் குட்டி மலைகளை மனதில் வைத்துக்கொண்டு இமயத்தை அளந்தால் அப்படித்தான் இருக்கும். நம் பக்கம் நீலகிரியில் 1860-களின் நடுவில் குடியேறிய ஏ.டி.டபிள்யூ. பென் பல வருடங்கள் ஊட்டியில் ஸ்டுடியோ வைத்து மலைக் காட்சிகளை எடுத்தார். சில்லென்ற நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், படம் வாங்கினார்கள். பாராமகாலின் வெயில் பாறைகளுக்கு வாடிக்கையாளர் இல்லை. சந்தை இல்லாத மலையை யாரும் படமெடுப்பதில்லை என்பது அப்போதும் அப்படித்தான்.

வானம் கருத்தது எப்போது? ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் 1873-ல், வெள்ளி உப்போடு சாயம் கலந்தால் அது பச்சையையும் பார்க்கத் தொடங்கும் என்று கண்டுபிடித்தார். சிவப்பு வரை எல்லா நிறத்தையும் பார்க்கிற பான்குரோமேடிக் பிளேட்டுகள் 1906-ல் கடைக்கு வந்தன. அதோடு ஃபில்டரும் சேர்ந்தது. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி வைத்தால் நீலம் கொஞ்சம் தடைபட்டு வானம் சாம்பலாகும், சிவப்புக் கண்ணாடி வைத்தால் வானம் அனேகமாகக் கருப்பாகும், மேகம் தெறிக்கும். 1927 ஏப்ரல் 10-ம் தேதி கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலையில் ஆன்சல் ஆடம்ஸ் நின்றபோது கையில் மிஞ்சியிருந்தது இரண்டே பிளேட். முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்றை எடுத்தார். எடுத்தபிறகுதான் தன் மனதில் இருக்கிற மலை இதில் வராது என்று தோன்றியது. கடைசிப் பிளேட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டர் போட்டார். ஹாஃப் டோம் பாறையின் அந்தப் படம்தான் இன்று காலண்டர்களில் இருக்கிற கருப்பு வானங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன். அந்த மதியம் யோசெமிட்டியில் நின்ற யாருடைய கண்ணுக்கும் வானம் அப்படிக் கருப்பாகத் தெரிந்திருக்காது. ஆடம்ஸ் ஃபில்டரால் செய்ததை ட்ரைப் தூரிகையால் செய்தார். ஒருவரை மேதை என்கிறோம், மற்றவரைத் திருத்தினார் என்கிறோம். கொஞ்சம் ஓரவஞ்சனைதான்!

சிவப்பு ஃபில்டரால் ஒரு நஷ்டமும் வந்தது. நீலப் புகைமூட்டத்தையும் அது வெட்டிவிடும். தூரத்து மலை கத்தியால் கீறின மாதிரி தெளிவாக வரும், ஆனால் அடுக்கடுக்காகக் கரைந்து போகிற அந்த ஆழம் குறைந்துவிடும். ட்ரைப்புக்கு மேகம் கிடைக்கவில்லை, ஆழம் இலவசமாகக் கிடைத்தது. இப்போது செல்போனில் கலரில் எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளைக்கு மாற்றுகிறவர்களுக்கு இரண்டுமே கைவசம். சிவப்பு நிறத்தின் அளவைக் கூட்டினால் ஆடம்ஸின் வானம், நீலத்தைக் கூட்டினால் ட்ரைப்பின் மலை வரிசை. பலரும் 'டிராமாடிக்' என்ற பொத்தானை ஒரு தட்டுத் தட்டி விட்டுவிடுகிறார்கள். அது எல்லா மலையையும் ஒரே மலையாக்கிவிடுகிறது. வத்தல்மலைக்கும் யோசெமிட்டிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

வித்தியாசம் தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கிரானைட் வெட்டும் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கோடிக்கணக்கான வருடம் நின்ற பாறை, பாளமாகி, பாலிஷ் ஏறி, கப்பலேறிப் போய் எங்கோ ஒரு வீட்டின் சமையல் மேடையாகிவிடுகிறது. அதில் வேலை செய்து பிழைக்கிற குடும்பங்களும் இங்கேதான் இருக்கின்றன, அதனால் இதை ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் வெட்டிய குன்று திரும்ப வளராது. முன்பு அது எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு படமாவது வேண்டும். இராயக்கோட்டை மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் தப்பித்தது. அதைச் சுற்றித் தெரிகிற பெயரில்லாத குன்றுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வடக்கு-வடகிழக்கு என்று திசை எழுதி வைத்த ஒரு படம் அவற்றின் அடிவானக் கோட்டை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் இல்லாத ஆவணம் இது. மேகம் வரைந்ததாகவே இருந்தாலும் இந்த உபயோகத்துக்கு ஒரு குறைவும் இல்லை, அடிவானத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

தொப்பூர் மலைகளுக்கோ வத்தல்மலைக்கோ இப்படித் திசையும் மாதமும் குறித்து வரிசையாகப் படம் எடுத்து வைப்பதற்கு இன்று மெழுகும் வேண்டாம், வெள்ளி நைட்ரேட்டும் வேண்டாம், மாட்டு வண்டியும் வேண்டாம். செல்போனிலேயே திசைமானி இருக்கிறது. கருப்பு வெள்ளைக்கு மாற்றுவதென்றால் கலர்ப் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. படத்தின் பெயரில் நின்ற இடம், பார்த்த திசை, தேதி மூன்றும் இருந்தால் போதும்.

ட்ரைப் நின்ற இடத்தையே பார்க்க விரும்புகிறவர்கள் தருமபுரியிலிருந்து பாலக்கோடு வழியாக ஓசூர் போகும் பஸ்ஸில் ஏறி இராயக்கோட்டையில் இறங்கலாம். மார்கழி மாதமாக இருந்தால் உத்தமம். விடியும்போதே உச்சியில் இருக்க வேண்டும். வடக்கு-வடகிழக்காகத் திரும்பி நின்றால் வெயில் வலது கன்னத்தில் படும். அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.